பள்ளித் தோட்டம்: சனிக்கிழமை விதைப்பு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். ஆடிப்பட்டம் தொடங்கிவிட்டது. வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பள்ளித் தோட்டத்தில் வெண்டை, கொத்தவரை, அவரை, அப்புறம் முளைக்கீரை விதைக்கிறோம். கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். மணலோடு கலந்து பிள்ளைகளே தூவட்டும், நாம் பக்கத்தில் நின்றால் போதும். ஏறக்குறைய 25 நாளில் பிடுங்கிவிடலாம். அன்றைக்குச் சத்துணவில் கீரைக் கூட்டு செய்து தருவதாகச் சமையல் அக்கா சொல்லியிருக்கிறார். தட்டில் கீரையை ஒதுக்கிவைக்கும் பிள்ளையும் தான் விதைத்ததை ஆசையாகச் சாப்பிடும் என்று நம்புகிறேன்.

வீட்டில் நாட்டு விதை, மக்கிய சாண எரு, களைக்கொத்து இருந்தால் கொண்டு வாருங்கள். ரசாயன உரம் வேண்டாம். பூச்சி வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.