பாப்பா, உன் கிளாஸ் ஏன் திரிந்துபோனது என்றால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பிராந்தி மாதிரி மதுவும் சாக்லேட்டும் க்ரீமும் சேர்த்துக் குலுக்கும் பானத்தை நீ கலந்து பார்த்து, திரிந்துபோய்விட்டது என்று அனுப்பிய படம் வந்தது. அம்மாவிடமும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பாவம், குழந்தை பாலைத் திரித்துவிட்டாள்" என்றாள். முப்பத்திரண்டு வயதுக் குழந்தை.

போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டே "ம்ம், ம்ம்" என்பாய். அளவு ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் எழுதுகிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் அந்தத் திரிந்த கிளாஸ். படத்தில் அதற்குப் பின்னால் பாதி பிழிந்த ஆரஞ்சு ஒன்று கிடக்கிறது, நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. சாக்லேட்டுக்கும் ஆரஞ்சுக்கும் ஒத்துப்போகும் என்று நீ நினைத்தது சரிதான். ஆனால் பாலுக்கும் ஆரஞ்சுச் சாறுக்கும் ஆகாது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் புளிப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மது அதற்குத் துணை போகும். இதில் நீ க்ரீமுக்குப் பதில் பாலை வேறு ஊற்றியிருக்கிறாய். 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீமில் புரதம் பாலைவிடக் குறைவு, அதனால் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆரஞ்சு வாசனை வேண்டுமென்றால் தோலில் ஒரு துண்டு சீவி, கிளாஸுக்கு மேலே பிடித்து இரண்டாக மடக்கி அழுத்து. தோலில் இருப்பது எண்ணெய், புளிப்பு இல்லை. வாசனை மட்டும் மேலே படியும்.

நீ தோற்றது ஒரு முறை. நான் மூன்று முறை. எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு அம்மாவை அசத்தப்போகிறேன் என்று கிளம்பி, சாக்லேட்டை உருக்கிக் கலந்தால் போதும், இதில் என்ன வித்தை என்று இறங்கினேன். கொதிக்கிற தண்ணீர்மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பளபளப்பு! கிண்டுவதற்கு எடுத்த கரண்டியில் துளி ஈரம் இருந்தது. அடுத்த நிமிடம் கிண்ணத்தில் இருந்தது ஈரக் களிமண். சாக்லேட்டில் சர்க்கரையும் கோகோத் துகளும் கொழுப்புக்குள் மிதந்துகொண்டிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அவை அதைச் சுற்றிக் கூடிக்கொண்டு இறுகிவிடும். விசித்திரம் என்னவென்றால், அதே தண்ணீரைச் சூடாக இன்னும் நாலைந்து கரண்டி ஊற்றிக் கிண்டினால் மறுபடி இளகிவிடும். அது அப்போது எனக்குத் தெரியாது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

இரண்டாவது முறை கரண்டியை மூன்று தரம் துடைத்துவிட்டு உருக்கினேன். அழகாக வந்தது. பிராந்தி, க்ரீம், ஐஸோடு சேர்த்துக் குலுக்கி ஊற்றினால், குடிக்கும்போது நாக்கில் மணல். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில்தான் உருகும், அதற்குக் கீழே போனால் உறையும். ஐஸ் பட்டதும் பொடிப்பொடியாக உறைந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாதி கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். மூன்றாவது முறை என்ன ஆனது என்று அம்மாவிடம் கேட்டுக்கொள், நான் எழுதுவதாக இல்லை.

ஆகவே, சாக்லேட்டை உருக்காதே. கோகோ பொடியில் சிரப் செய்துகொள். கோகோ கொட்டையை அழுத்திக் கொழுப்பைப் பெருமளவு பிழிந்தெடுத்துவிட்டுத்தான் பொடி செய்கிறார்கள். 1828-இல் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை பெற்ற அழுத்து இயந்திரத்தில் தொடங்கிய சங்கதி இது. கொழுப்பு குறைவாக இருப்பதால் குளிரில் மணல் ஆகாது.

அரை கப் கோகோ பொடி, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பொடியை நேராகத் தண்ணீரில் போட்டால் மேலே மிதந்துகொண்டு நனைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் சர்க்கரையையும் பொடியையும் முதலில் உலர்வாகக் கலந்துகொள். சர்க்கரைக் குருணை பொடித் துகள்களைப் பிரித்து வைக்கும். சுடு தண்ணீரில் நாலு கரண்டி மட்டும் ஊற்றிப் பசைபோலக் குழை. கட்டி ஒன்றுகூட இல்லாமல் கரண்டியின் பின்பக்கத்தால் தேய். அதில் ஒரு பளபளப்பு வரும், பார்த்தாலே தெரியும். அப்புறம் மீதித் தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிடு. பொங்கும், பக்கத்திலேயே நில். இறக்கும்போது "ஐயோ தண்ணியா இருக்கே" என்று தோன்றும். இன்னும் கொதிக்கவிட்டு விடாதே, ஆறினால் கெட்டியாகும். சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வை.

உப்பை விட்டுவிடாதே. அது கசப்பை அமுக்கி, சாக்லேட்டை முன்னால் கொண்டுவரும். இன்னொன்று: சிரப்பைச் சூடாக நக்கிப் பார்க்கும்போது கொஞ்சம் திகட்ட வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். சூட்டில் சரியாக இருந்தால் ஐஸில் சப்பென்று இருக்கும்.

இனி கலப்பது. இந்த வகைக்கெல்லாம் மூத்தது அலெக்சாண்டர் என்ற பானம். 1910-களில் அமெரிக்காவில் ஜின் ஊற்றிச் செய்தார்கள், பிராந்தி பிறகு வந்து ஜின்னை ஓரம்கட்டிவிட்டது. பிராந்தி, க்ரெம் டி காக்காவ், க்ரீம் மூன்றும் தலா 30 மில்லி, மேலே ஜாதிக்காய். க்ரெம் டி காக்காவ் என்பது கோகோ மணமுள்ள லிக்யூர், அதாவது இனிப்பு மது. பெயரில்தான் க்ரீம், உள்ளே துளி க்ரீம் கிடையாது. சர்க்கரை அதிகமுள்ள லிக்யூருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. ஐரோப்பிய விதிப்படி அந்தப் பெயர் போட லிட்டருக்குக் குறைந்தது 250 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு பாட்டிலைத் தேடி அலையாதே. நம் சிரப் போதும், சொல்லப்போனால் அதுதான் நல்ல சாக்லேட்.

ஒரு கிளாஸுக்கு என் கணக்கு: பிராந்தி 45 மில்லி, சிரப் 25, க்ரீம் 30. க்ரீம் இனிப்பு சேர்க்காததாக இருக்கட்டும். அட்டையில் பால் கொழுப்பு என்று போட்டிருக்கிறதா பார். கேக் மேல் தடவுவதற்கென்று தாவர எண்ணெயில் செய்கிறார்களே, அது மேல்வாயில் மெழுகாய் ஒட்டிக்கொள்ளும். வோட்கா வைத்திருக்கிறேன் என்றாய், அதுவும் ஆகும். ஆனால் வோட்காவுக்கென்று ஒரு ருசி இல்லை. பிராந்தியில் மரப்பீப்பாயின் வாசனை இருக்கிறது, சாக்லேட்டோடு அதுதான் பேசும்.

ஷேக்கர் இல்லையென்றால் மூடி இறுக்கமான பெரிய கண்ணாடி ஜாடி போதும். பாதிக்கு ஐஸ், அதன்மேல் எல்லாவற்றையும் ஊற்றி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பதினைந்து எண்ணும்வரை பலமாகக் குலுக்கு. வெளிப்பக்கம் பனி பூத்து விரல் மரத்துப்போகும், அதுதான் பதம். ரொம்ப நேரம் குலுக்கினால் க்ரீம் வெண்ணெயாகத் திரளத் தொடங்கும், ஐஸும் கரைந்து தண்ணீராகும். அப்புறம் டீ வடிகட்டி வழியாக, ஃப்ரீசரில் கால் மணி நேரம் கிடந்த கிளாஸில் ஊற்று. இந்த வடிகட்டியைத்தான் எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். ஐஸ் சில்லு ஒன்று உள்ளே போனாலும் அந்தப் பட்டு போன்ற வழுவழுப்பு போச்சு. மேலே ஜாதிக்காயை இரண்டு இழுப்பு துருவு. கொழுப்பு வாசனையை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மூக்குக்கு வேண்டியதை மேலேதான் வைக்க வேண்டும். சாக்லேட் சுருள், கிளாஸ் விளிம்பில் கோலம் எல்லாம் உன் இஷ்டம். எனக்கு அது அலங்காரக் கடை மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு எட்டுப் பேர் வருகிறார்கள் என்றாயே, பிராந்தியையும் சிரப்பையும் மட்டும் முந்தின நாளே ஒரு பாட்டிலில் கலந்து வை. கிளாஸுக்கு 70 மில்லி கணக்கு. க்ரீமைக் குலுக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் ஐரிஷ் க்ரீம், அதாவது விஸ்கியும் க்ரீமும் கலந்த பாட்டில் பானம், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே என்று கேட்பாய். அங்கே இயந்திரத்தில் கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து மதுவோடு சேர்க்கிறார்கள். நம் ஜாடியால் அது முடியாது. நாம் கலந்து வைத்தால் மறுநாள் மேலே கொழுப்பு ஒதுங்கி நிற்கும்.

சரி, இப்போது அப்பாவாகக் கொஞ்சம். பீட்டில்ஸ் பாட்டைச் சத்தமாக வைத்து உங்களைப் படிக்கவிடாமல் செய்தவன் நான், அதனால் இந்தக் கதை எனக்கு மனப்பாடம். 1974 மார்ச்சில் பீட்டில்ஸின் ஜான் லெனனும் அவர் நண்பர், பாடகர் ஹாரி நில்சனும் லாஸ் ஏஞ்சலஸில் ட்ரூபடோர் என்ற கிளப்பில் கூச்சல் போட்டு வெளியே தள்ளப்பட்டார்கள். அன்றைக்கு உள்ளே போயிருந்தது இந்தப் பிராந்தி அலெக்சாண்டர்தான். மில்க் ஷேக் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. உலகம் சுற்றிய ஆளையே இது ஏமாற்றியிருக்கிறது.

ஏன் என்றால், குளிர் மதுவின் காரத்தை மறைக்கிறது, இனிப்பு இன்னும் கொஞ்சம் மறைக்கிறது, மிச்சத்தைக் கொழுப்பு பார்த்துக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பார். 40 சதவீதப் பிராந்தி 45 மில்லி என்றால் சுத்தமான ஆல்கஹால் 18 மில்லி, எடையில் சுமார் 14 கிராம். அமெரிக்காவில் ஒரு முழு டிரிங்க் என்று சொல்வதே அந்த 14 கிராம்தான், பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது வெறும் 8. ஐஸ் கரைந்த தண்ணீரையும் சேர்த்தால் உன் கிளாஸ் கிட்டத்தட்ட ஒயின் அளவு வலு. ஆனால் யாரும் ஒயின் குடிக்கிற வேகத்தில் இதைக் குடிப்பதில்லை, ஐஸ்கிரீம் சாப்பிடுகிற வேகத்தில் குடிக்கிறார்கள். அதனால் கண்ணளவில் ஊற்றாதே. அளவுக் கோப்பை இல்லையென்றால் இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடியில் கோடு போட்டிருப்பார்கள், நான் இன்றுவரை அதைத்தான் வைத்திருக்கிறேன். கிளாஸும் சின்னதாக இருக்கட்டும். சாப்பாடு முடிந்த பிறகு கொடு, பசி வயிற்றில் வேண்டாம்.

இன்னொன்று, போன வருஷம் நடந்தது. அக்கா வந்திருந்தபோது நான் என் கிளாஸைத் தாழ்ந்த மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருகிறேன், நம் குட்டி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, சாக்லேட் பால்" என்கிறாள். உதட்டுக்கு ஒரு விரல் தூரம். வாங்கி வைத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது. உன் கூட்டத்திலும் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு வண்ணக் கப்பில் ஸ்ட்ரா போட்டு, வெறும் பாலில் அதே சிரப்பைக் கலந்து முதலிலேயே கொடுத்துவிடு. பெரியவர்களுடையது உயரமான இடத்தில் மட்டும்.

வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் பிராந்தி இருக்கும் இடத்தில் ஆறிய கெட்டிக் காபி 45 மில்லி. மற்றதெல்லாம் அதே அளவு, அதே குலுக்கல். அம்மா எப்போதும் இதைத்தான் கேட்கிறாள். நேர்மையாகச் சொன்னால் என்னுடையதைவிட அவளுடையது ருசி, அவளிடம் சொல்லிவிடாதே.

சிரப்பை இன்றைக்கே செய்துவிடு. முதல் கிளாஸைக் கூட்டம் வருவதற்கு முன்னால் நீயே ஒன்று கலந்து பார்த்துப் படம் அனுப்பு. பின்னால் ஆரஞ்சு தெரிந்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

அப்பா