சுருளியின் கால் தேறியது: உதவியோர் அனைவருக்கும் நன்றி

தோ பாயோவில் எங்கள் புளோக்கில் குடியிருப்போருக்கும், சுருளியைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், தொலைவிலிருந்து விசாரித்தபடியே இருந்த உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் சோபாவிலிருந்து குதித்தபோது இடது முன்னங்கால் முறிந்துபோன எங்கள் டாய் பூடில் இன நாய் சுருளி, இப்போது நான்கு கால்களையும் தரையில் ஊன்றி நடக்கிறாள். கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை இம்மடலை எழுதக்கூடாது என்று காத்திருந்தோம். நேரில் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறோம் என்றாலும், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. எதையும் செய்யாமல் இருந்ததாலேயே பேருதவி புரிந்தவர்களும் உங்களில் உண்டு. அது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அன்றிரவு அவளுடைய அலறலைக் கேட்டு முதலில் கதவைத் திறந்து வந்தவர், நாங்கள் மக்சிக் (மலாயில் ‘அத்தை’) என்று அழைக்கும் எதிர்வீட்டு அம்மா. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும் என்பது அவருடைய சமய நெறி. ஆகவே அவர் சுருளியைத் தொடவில்லை. தொடாமல் செய்யக்கூடிய அனைத்தையும் செய்தார். தம் வீட்டு அழுக்குத்துணிக் கூடையைக் காலிசெய்து கொண்டுவந்து, அடியில் ஒரு துவாலையை நான்காக மடித்துப் போட்டு, காலைப் பிடிக்காமல் உடம்பை மட்டும் ஏந்தித் தூக்கும்படி சொல்லிக்கொடுத்து, நாங்கள் அவளைக் கிடத்தி எடுத்து வரும்வரை மின்தூக்கிக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். பிறகு புதுக் கூடை வாங்கிக் கொடுத்ததற்காக எங்களைக் கோபித்துக்கொண்டவரும் அவரே.

எம்ஆர்டி ரயிலிலோ பேருந்திலோ நாயை ஏற்றிச் செல்ல முடியாது. செல்லப்பிராணிகளை ஏற்றும் வண்டியும் அந்த மழை நேரத்தில் கிடைக்கவில்லை. கீழ்த்தளத்தில் யாரையோ இறக்கிவிட்டுப் புறப்படவிருந்த ஒரு டாக்சி ஓட்டுநர், கூடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பின்கதவைத் திறந்துவிட்டார். கார் நிறுத்துமிடத்தின் வேகத்தடைகளில் அவர் வண்டியை நகர்த்திய பக்குவத்தில் கூடை அசையக்கூட இல்லை.

வழியில் தொலைபேசியில் பேசிய தோழி ஒருவர், தாம் மனிதர்களுக்கான மருத்துவமனையில் தாதியாக இருந்தபோதும், நாய் விஷயத்தில் எச்சரிக்கையாக இருந்தார். பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்களுக்கு நஞ்சாகக்கூடும், வலி தாங்காமல் அழுதாலும் வீட்டு மாத்திரை எதையும் கொடுத்துவிட வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் உணவும் வேண்டாம் என்று அவர் சொன்னது அந்த நேரத்தில் மிகவும் தேவைப்பட்ட அறிவுரை.

இரவுப் பணியில் இருந்த மருத்துவர் வலிக்கு ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தார். மறுநாள் எங்களைச் சந்தித்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ், அல்னா ஆகிய இரண்டு எலும்புகளும் முறிந்து விலகியிருப்பதைக் காட்டினார். மூன்று கிலோ எடைகூட இல்லாத நாய். அந்த எலும்பு பென்சிலைவிட மெல்லியது. மாவுக்கட்டுப் போட்டால் போதாதா என்று நாங்கள் கேட்டதற்கு அவர் அவசரப்படாமல் விளக்கம் தந்தார். பூடில், பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய நாய்களுக்கு அந்த இடத்தில் எலும்பைச் சுற்றித் தசை குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. வெறும் கட்டோடு விட்டால் எலும்பு கூடாமலே போகலாம், கோணலாகவும் கூடலாம். ஆகவே உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் இறுக்குவதே சரியான வழி என்றார். செலவு எவ்வளவு ஆகும், எந்தச் சிக்கல்கள் வரக்கூடும் என்பதையும் ஒளிக்காமல் முன்கூட்டியே சொன்னார். அவருடைய கைத்திறனுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோமோ, அந்த வெளிப்படையான பேச்சுக்கும் அவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்.

ஊரிலிருந்து பெரியப்பா, புத்தூர் கட்டுக்கு ஈடு உண்டா என்று நாள்தோறும் அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சுருளியை விமானம் ஏற்றாமல் விட்டதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான். அவருடைய அன்புக்கும் நன்றி.

அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன் பின் ஏறக்குறைய இரண்டு மாதம் அவளைக் கூண்டுக்குள் வைத்திருந்ததுதான் கடினம். தகடு எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர, துள்ளிக் குதித்தால் திருகாணி தளரும், தகடே வளையும் என்று எச்சரித்திருந்தார்கள். வலி குறைந்தவுடன் நாய்க்கு இது எப்படிப் புரியும்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாயைத்தான் வளர்க்க முடியும் என்பதால், சுருளிக்கு விளையாட்டுத் தோழர்கள் எல்லாம் எங்கள் தளத்துப் பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளைகள், எங்கள் இரும்புக் கதவைத் தாண்டும்போது அவளைப் பெயர் சொல்லி அழைக்காமல், பந்தைத் தட்டாமல், சில நாள் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஆறாம் வகுப்பில் படிக்கும் பெண் மட்டும் மாலையில் கூண்டருகே உட்கார்ந்து, தன் தமிழ் வாய்மொழித் தேர்வுக்கான பகுதிகளைச் சீரான குரலில் வாசிப்பாள். கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் கூம்புக்குள்ளிருந்து சுருளி அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். இருவரில் யாருக்கு அது அதிகம் பயன்பட்டது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எங்கள் தனிப்பட்ட நன்றி.

எலும்பு கூடத் தொடங்கியபின் கால் தசை மெலிந்திருந்தது; அவளும் காலைத் தூக்கியே வைத்திருந்தாள். தண்ணீருக்குள் ஓடும் நடைப்பட்டையில் அவளுக்குப் பயிற்சி தந்த சிகிச்சையாளர், நீர்மட்டம் இடுப்பு மூட்டுவரை இருந்தால் கால்கள் தாங்கும் பாரம் உடல் எடையில் ஏறக்குறைய 38 விழுக்காடாகக் குறைந்துவிடும், அதனால் பயமில்லாமல் காலை ஊன்றப் பழகுவாள் என்றார். முதல் நாள் அவள் ஊன்றவே இல்லை. அவரும் வற்புறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்து, அவளோடு தாமும் நீரில் இறங்கி நின்று, அடிபட்ட காலின் விரல்களை ஒவ்வோர் அடிக்கும் மெல்லத் தரையில் வைத்து வைத்து எடுத்தார். பிறகொரு நாள் அவர் கையை எடுத்ததும் அந்தக் கால் தானாகவே இறங்கியது.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 9 விழுக்காடு பொருள், சேவை வரியோடு சேர்த்து மருத்துவக் கட்டணம் சில ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது. எங்கள் அலுவலக நண்பர்கள் நாங்கள் கேட்காமலே ஒரு தொகையைத் திரட்டித் தந்தார்கள். கட்டணம் போக மிஞ்சியதை, அவர்கள் விருப்பப்படி, விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டோம்.

தகட்டால் தொந்தரவு ஏதும் இல்லாதவரை அதை எடுக்க வேண்டியதில்லை என்பது மருத்துவரின் கருத்து. சோபாவின் முன் சரிவுப் பலகை வைத்திருக்கிறோம்; அவளைத் தூக்கிக் கொஞ்ச விரும்புவோர் தயவுசெய்து தரையில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சுங்கள், கையிலிருந்து துள்ளிக் குதிப்பது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த டாக்சி ஓட்டுநரின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அறுபதை நெருங்கும் சீனர், வண்டியின் முன்பக்கத்தில் சிறிய மஞ்சள் வாத்துப் பொம்மை வைத்திருப்பவர். அவரை அறிந்தவர் யாராவது இருந்தால் சுருளி நடக்கிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள். கூண்டையும் கூம்பையும் கழுவி வைத்திருக்கிறோம். யாருக்குத் தேவைப்பட்டாலும் எங்கள் வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்லலாம்.

நன்றியுடன்,
சுருளியின் வீட்டார்
தோ பாயோ, சிங்கப்பூர்