புது வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னையின் தெற்குப் புறநகரில், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் இருபுறமும், ஏரிக்கரைகளை ஒட்டியும் பழைய வயல்வெளிகளிலும் உருவாகியுள்ள மனைப்பிரிவுகளில் தனி வீடுகள் தொடர்ந்து எழுந்து வருகின்றன. பெரும்பாலானவை, ஒரு குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டுக் கட்டும் வீடுகள். அவ்வீடுகளைக் கட்டி முடித்த பிறகு, வீட்டுச் சுவருக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே எஞ்சும் இடத்தை என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்த இடம் முழுவதையும் ஓரங்குலம் விடாமல் சிமெண்ட் போட்டு மூடிவிடும் வழக்கம் ஊருக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரர்களுக்கே கேடு செய்கிறது என்பது, கட்டடப் பணிகளை மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்ற எனது உறுதியான கருத்து.

இது யாரும் ஆசைப்பட்டுச் செய்வது அன்று; பணமும் நாளும் தீர்ந்துபோகும் கட்டத்தில் நடப்பது. சதுர அடிக் கணக்கில் பேசப்படும் ஒப்பந்தங்களில் சுற்றுச்சுவர், கேட், தரைத்தொட்டி, வெளிப்புறத் தளம் ஆகியவை பெரும்பாலும் சேர்வதில்லை. கடைசித் தவணைக் கடன் டைல்ஸிலும் கதவுகளிலும் சமையலறை அலமாரிகளிலும் கரைந்துவிடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவிழா வைக்கும் வழக்கம் இல்லாததால், ஆவணியையும் தையையும் விட்டால் ஆகாது என்று முகூர்த்த நாள் முதலிலேயே குறிக்கப்பட்டு, பத்திரிகையும் அடித்தாகிவிடுகிறது. பூச்சு வேலை முடிந்து குறைந்தது நான்கு வாரமாவது சுவர் உலர வேண்டும் என்பதெல்லாம் அந்த அவசரத்தில் மறந்துபோக, ஈரச் சுவரில் பட்டியும் (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) பெயிண்டும் ஏறி, அடுத்த மழைக்குள் உப்புப் பூத்து உரிகின்றன. அதே கடைசி வாரத்தில்தான் வெளிப்புறமும் மூடப்படுகிறது. மீந்த ஜல்லி, மீந்த மணல், உடைந்த செங்கல் எல்லாவற்றையும் பரப்பி, மேலே கான்கிரீட் போட்டு, பேவர் பிளாக் பதித்துவிட்டால் சேறு இருக்காது, பூச்சி பொட்டு அண்டாது, பெருக்குவதும் சுலபம் என்று மேஸ்திரி சொல்வது வீட்டுக்காரருக்கு நியாயமாகவே படுகிறது. வயதானவர்கள் வழுக்கி விழக் கூடாது என்ற கவலையும், பாம்பு பயமும் உண்மையானவை. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்காக முழு மனையையும் மூட வேண்டியதில்லை.

மூடினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன் மீது 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 22,300 லிட்டர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்பகுதிக்கு ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் என்பது அரிய நிகழ்வு அன்று. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானதை நாம் மறந்திருக்க முடியாது. மொட்டை மாடியும் தரையும் சிமெண்ட்டாக இருந்தால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடுகிறது. இருபது வீடுகள் உள்ள தெருவில் அது நான்கு லட்சம் லிட்டரைத் தாண்டும். எந்த மழைநீர் வடிகாலும் அதைத் தாங்காது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியதற்கு அடையாற்று வெள்ளமே முதற்காரணம் என்றாலும், ஆற்றிலிருந்து வெகுதொலைவில் உள்ள தெருக்களிலும் இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதில் நம் வாசல்களுக்கும் பங்கு உண்டு.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெறும் சென்னைப் பகுதியில், 1,000 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் ஓர் ஆண்டில் ஒன்றேகால் லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. ஆவியாவதும் சிதறுவதும் போக ஒரு லட்சம் லிட்டர் கைக்கு மிஞ்சும். கார்த்திகையில் அதை வாசல் வழியே விரட்டிவிட்டு, சித்திரையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுத்துக் காத்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில் புறநகரில் ஆழ்துளைக் கிணறுகள் காற்றை மட்டுமே இறைத்தன.

பேவர் பிளாக் என்ற பொருளின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஜல்லிப்படுகையின் மேல் மணலைப் பரப்பி, அதன் மீது கற்களை அடுக்கி, இடுக்குகளிலும் மணலையே நிரப்பினால் ஓரளவு தண்ணீர் கீழே இறங்கும். நாம் அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்குகளையும் சிமெண்ட் பாலால் அடைத்துவிடுவதால்தான் அது தண்ணீர் புகாத தளமாகிறது. கார் நிறுத்தும் இடத்துக்குக்கூட, சக்கரங்கள் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் கல் பதித்து, நடுவே புல்லோ கூழாங்கல்லோ விட்டால் போதும். சுவரை ஒட்டி மட்டும் இரண்டு முதல் மூன்றடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் கட்டாயம் வேண்டும். களிமண் பூமியில் அஸ்திவாரத்தின் ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் மண் உப்பியும் சுருங்கியும் சுவரில் விரிசல் விழும். அந்தத் தளம் சுவரிலிருந்து வெளியே சரிவாக இருக்க வேண்டும். நடைபாதைக்கும், துணி துவைக்கும் இடத்துக்கும் தளம் போட்டுக்கொள்ளலாம். மீதி மண்ணாகவே இருக்கட்டும்.

இதில் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லும் முதன்மையான யோசனை ஒன்று உண்டு: குடி புகுந்த பிறகு ஒரு ஐப்பசி, கார்த்திகை கடக்கும்வரை வெளிப்புறத் தளம் எதையும் நிரந்தரமாகப் போடாதீர்கள். அஸ்திவாரக் குழிகளில் நிரப்பிய மண்ணை அரையடி, முக்காலடி அடுக்குகளாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கருவி) போட்டு இறுக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான இடங்களில் ஒரே மூச்சில் கொட்டி மேலே சமன் செய்துவிடுகிறார்கள். அந்த மண் முதல் பெருமழையில் இறங்கும். அதன் மேல் போட்ட தளமும் கூடவே இறங்கும். இறங்கும்போது பெரும்பாலும் சுவர்ப் பக்கமாகச் சரியும். வாசலில் விழுந்த மழை அஸ்திவாரத்தைத் தேடி ஓடத் தொடங்கும். ஒரு மழைக்காலம் பொறுத்திருந்தால் மண்ணும் அமர்ந்துவிடும். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிடலாம். அதற்குப் பின் போடும் தளம் பிசகாது. மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைக்கிணற்றை எங்கே தோண்ட வேண்டும் என்பதையும் மழையே காட்டிக்கொடுத்திருக்கும். அதுவரை நடப்பதற்குக் கடப்பைக் கல் பலகைகள் நான்கைந்தை மண்ணில் பதித்துக்கொண்டால் சேறு ஒட்டாது.

சாலை உயர்ந்துவிடும் என்ற அச்சத்தால் வீட்டுத் தளத்தை மூன்றடி, நான்கடி உயர்த்தி, சுற்றிலும் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்புவதும் பெருகியுள்ளது. பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அது எல்லாத் தெருக்களிலும் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டாலே இந்த அச்சத்தில் பாதி குறையும்.

இடிபாட்டைக் கொட்டிய மண்ணில் செடி எப்படி வளரும்? எங்கள் தெருவில் குடியேறி ஓராண்டான ஒரு வீட்டில், சுற்றுச்சுவர் ஓரமாக விட்டிருந்த ஓரடிப் பட்டையில் நட்ட செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வெளிறிப்போய் நின்றன. இலை முழுக்க மஞ்சள். நரம்புகள் மட்டும் பச்சை. தண்ணீர் போதவில்லை என்று அவர்கள் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரையால் ஓரடி தோண்டியபோது டைல்ஸ் துண்டுகள், சுண்ணாம்புப் பட்டி உருண்டைகள், கல்லாக இறுகிப்போன அரை மூட்டை சிமெண்ட், பெயிண்டர் கழுவி ஊற்றிய வெள்ளைப் படிவு என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. சிமெண்ட்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையை உயர்த்திவிடுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நட்ட இடத்தில் இரண்டடி ஆழத்துக்கு எல்லாவற்றையும் அள்ளி எறிந்து, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பிய பிறகுதான் புதுத் துளிர் பச்சையாக வந்தது.

இதற்கு எளிய வழி, கட்டுமானம் தொடங்கும் நாளிலேயே இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போது மேலாக உள்ள முதல் ஓரடி மண்ணைத் தனியே மனையின் ஒரு மூலையில் குவித்துவைக்கச் சொல்லுங்கள். பல தலைமுறை உழுத வயலின் மண் அது. கலவை போடுவதற்கும் பெயிண்ட் டப்பா கழுவுவதற்கும் ஓரிடத்தைக் குறித்துக்கொடுத்துவிட்டால் மற்ற இடம் கெடாது. வேலை முடிந்ததும் அந்த மேல்மண்ணைப் பரப்பி, பசுந்தாள் உரச் செடிகளான தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணோடு சேர்த்துவிட்டால், ஒன்றரை மாதத்தில் மண் தேறிவிடும். இதற்கு ஆகும் செலவு, வரவேற்பறையில் மாட்டும் ஓர் அலங்கார விளக்கின் விலைகூட இராது.

எதை நடுவது என்பதில் அவரவர் விருப்பத்துக்கு இடமுண்டு. ஆனால் மெக்சிகன் புல்தரையை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; கோடையில் நாள்தோறும் தண்ணீர் கேட்கும் புல்லை, லாரித் தண்ணீரை நம்பி வாழும் பகுதியில் வளர்ப்பது நியாயமாகப் படவில்லை. வேகமாக வளர்ந்து மறைப்புத் தருகிறது என்று வேலி ஓரங்களில் நடப்பட்ட கோனோகார்பஸ் என்ற மரத்துக்குக் குஜராத் அரசு 2023-இல் தடை விதித்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். அரை கிரவுண்டு மனையில் கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, பவளமல்லி போன்றவை சுவருக்குத் தொல்லை தராமல் வளரும். இடம் சற்று தாராளமாக இருந்தால் மேற்குப் பக்கத்தில் ஒரு புங்கன் நடலாம். மாலை வெயில் படும் சுவரை அது மறைத்துவிட்டால், அந்த அறையில் இரவு வெக்கை எவ்வளவு குறைகிறது என்பதை அதற்குள் படுத்தவர்கள் அறிவார்கள். வேம்பையும் தென்னையையும் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் பத்துப் பதினைந்தடி தள்ளியே நட வேண்டும். அரசும் ஆலும் வீட்டு மனைக்கு உரியவை அல்ல. மரத்தின் தூரைச் சுற்றி இறுக்கிச் சிமெண்ட் பூசுவதும் கூடாது; தண்ணீரும் காற்றும் கிடைக்காத வேர் பரவாமல் நின்றுவிடும், அத்தகைய மரம் புயலுக்கு நிற்காது. 2016-இல் வர்தா புயல் கடந்த மறுநாள், பெயர்ந்து கிடந்த மரங்களோடு சேர்ந்து நடைபாதைத் தளமும் பெயர்ந்து நின்றதைச் சென்னை முழுவதும் பார்த்தோம்.

மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகம் சட்டம் இயற்றியது. நாட்டுக்கே முன்னோடியான நடவடிக்கை அது. இன்று பல வீடுகளில் அது, மாடிக் குழாயின் அடியில் இரண்டடி ஆழத்தில் ஜல்லி நிரப்பிய ஒரு பள்ளமாகச் சுருங்கி, அதன் மேலும் பேவர் பிளாக் ஏறிவிட்டது. மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளைப் பன்னிரண்டு முதல் பதினைந்தடி ஆழத்துக்கு இறக்கி, மாடித் தண்ணீரை மணல், கரி, கூழாங்கல் வழியே வடித்து அதில் விட்டால்தான் களிமண் படுகையைத் தாண்டித் தண்ணீர் இறங்கும். பருவத்தின் முதல் மழையை வெளியே விட ஒரு வால்வும், கொசு புகாத மூடியும், ஆண்டுக்கொரு முறை புரட்டாசியில் தூர் வாருவதும் அவசியம். கழிவுநீர்த் தொட்டி ஒரு மூலையில் இருந்தால் உறைக்கிணறு அதற்கு எதிர்மூலையில் இருக்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் அடிப்படையில் இணையவழியே உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. அலுவலகப் படி ஏறாமல் நடுத்தரக் குடும்பங்கள் வீடு கட்ட வழிசெய்த இத்திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். இவ்வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை என்பதால், கட்டி முடித்த பின் மனையைப் பார்க்க யாரும் வருவதில்லை. எனவே, விண்ணப்பத்தோடு பதிவேற்றும் வரைபடத்தில் உறைக்கிணற்றின் இடத்தையும் ஆழத்தையும், மண்ணாகவே விடப்படும் பரப்பையும் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். கட்டி முடித்ததும் அவ்விரண்டின் புகைப்படங்களையும் உரிமையாளரே பதிவேற்றச் செய்யலாம். அப்படிச் செய்து, குறிப்பிட்ட அளவுக்கு மண்பரப்பை விட்டவர்களுக்குச் சொத்து வரியில் ஒரு சிறு சலுகை அளிப்பதையும் உள்ளாட்சி அமைப்புகள் பரிசீலிக்க வேண்டும்.

வீடு, மனை பற்றித் தாங்கள் வெளியிடும் பக்கங்களில் மாடுலர் கிச்சனுக்கும் பால்ஸ் சீலிங்குக்கும் தரும் இடத்தில் ஒரு பகுதியை வெளிப்புறப் பணிகளுக்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆவணி முகூர்த்தங்களுக்காக இப்போது கடைசிக் கட்ட வேலையில் இருக்கும் வீட்டுக்காரர்கள் கான்கிரீட் லாரிக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்பாக இக்கடிதம் வெளியாகுமானால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர்,
கூடுவாஞ்சேரி.