டிசம்பர் 30 அன்று சிறைக்கு ஒரு நடை போய் வாருங்கள்

தமிழ்நாட்டின் மாவட்ட, தாலுகா வழக்கறிஞர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் வக்கீல் இல்லை. 31 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். உச்ச நீதிமன்ற வழக்கறிஞராக இருந்த கபிலா ஹிங்கோரானி அம்மாவைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அவர் காலமானது 2013 டிசம்பர் 30. நான் ஏறி இறங்கிய எந்தச் சங்க அறையிலும் அவர் படத்தைப் பார்த்ததில்லை. உச்ச நீதிமன்ற நூலகத்திலேயே 2017இல்தான் மாட்டினார்கள். அந்தச் சுவரில் இடம் கிடைத்த முதல் பெண் வழக்கறிஞர் அவர்.

நைரோபியில் பிறந்து கார்டிஃபில் சட்டம் படித்தவர். டெல்லியில் வசதியாகத் தொழில் நடத்திக்கொண்டு இருந்திருக்கலாம். 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸில் ருஸ்தம்ஜி என்ற போலீஸ் அதிகாரி பீகார் சிறைகளைப் பற்றி எழுதியிருந்தார். பாட்னாவிலும் முசாபர்பூரிலும் விசாரணையே தொடங்காமல் கைதிகள் 5 வருடம், 7 வருடம், சிலர் 10 வருடத்துக்கும் மேலே கிடந்தார்கள். குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அவர்களில் பலருக்கு அவ்வளவு தண்டனை கிடையாது. எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத பெண்களும் உள்ளே இருந்தார்கள். சாட்சி சொல்ல வேண்டுமாம், அதனால் "பாதுகாப்பு".

அதே செய்தியை அன்றைக்கு எத்தனையோ வக்கீல்கள் படித்திருப்பார்கள். ஹிங்கோரானி அம்மா ஆட்கொணர்வு மனு (அடைத்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு) தயார் செய்தார். பாதிக்கப்பட்டவரோ அவர் உறவினரோதான் மனுப் போடலாம் என்பது அன்றைய வழக்கம். இங்கே வகாலத்தில், அதாவது வக்கீலை அமர்த்தும் பத்திரத்தில், கையெழுத்துப் போடவே ஆள் இல்லை. இருந்தும் தாக்கல் செய்தார். மனுவில் முதல் பெயர் ஹுசைனாரா காத்தூன். விரைவான விசாரணை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமை, ஏழைக்கு இலவச சட்ட உதவியும் அப்படியே என்று நீதிபதி பகவதி அமர்வு சொன்னது. இந்த வழக்கால் நாடு முழுக்க 40,000 பேர் வரை வெளியே வந்ததாகச் சொல்வார்கள்.

அப்புறம் பாகல்பூரில் போலீஸார் ஊசியும் அமிலமும் கொண்டு கண்ணைக் குருடாக்கியவர்களுக்காக நின்றார். ருதுல் சா என்பவருக்காகவும் நின்றார். 1968 ஜூனில் விடுதலை என்று தீர்ப்பான அந்த மனிதர் சிறையை விட்டு வெளியே வந்தது 1982 அக்டோபரில். 14 வருடம்! புத்தி சுவாதீனம் இல்லாததால் வைத்திருந்தோம் என்றது பீகார் அரசு. அடிப்படை உரிமையைப் பறித்ததற்கு அரசு பணமாக இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலாகச் சொன்னது அந்த வழக்கில்தான். கிடைத்தது 35,000 ரூபாய்.

கட்சிக்காரர் தேடி வரட்டும் என்று அந்த அம்மா காத்திருக்கவில்லை. எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது இதுதான்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். செல்போன் திருட்டு வழக்கில் ஒரு பையன் கிளைச் சிறையில் இருந்தான். மூன்றாவது வாரமே ஜாமீன் உத்தரவு ஆகிவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர், வீட்டு வரி ரசீதோடு வர வேண்டும். அவன் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர், வாடகை வீடு. சொந்த வீடு உள்ள யாரும் அவருக்காகக் கையெழுத்துப் போட வரவில்லை. தினமும் மதியம் எங்கள் ஆபீஸ் படியில் வந்து உட்காருவார், சிமெண்ட் அப்பிய கையில் உத்தரவு நகல் நான்காக மடித்து இருக்கும். "பேப்பர்ல விட்டாச்சுன்னு போட்டிருக்கு, பையனை ஏன் விடல?" என்று கேட்பார். 74 நாள் கேட்டார். ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி ஒரு பக்க மனுப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். வக்கீலுக்கு வேறு வேலை இருந்தது. நானும் அவரை வற்புறுத்தவில்லை.

இப்போது சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருப்போரில் முக்கால் பங்குக்கும் மேல் விசாரணைக் கைதிகள்.

டிசம்பர் 30 அன்று மாலை போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஐந்து பேர், ஆணைக்குழுவின் அனுமதியோடு பக்கத்துச் சிறைக்குப் போங்கள். ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்கள் பெயரை எழுதி வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் மனுக்களைத் தாக்கல் செய்யுங்கள். மனு எழுத ஆள் வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள், எங்கே என்றாலும் பேனாவோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்