பாத்திரக்காரர் வருவதற்குள் படித்துவிடு அம்மா

பெய்ஸ்லி, ஸ்காட்லாந்து
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். நீயும் அப்பாவும் நலம்தானே. போனில் சொல்லாமல் எதற்கு இவ்வளவு நீளமாக டைப் செய்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் குக்கர் விசில் அடித்தது என்று எழுந்து போய்விடுவாய், அதனால்தான்.

புதன்கிழமை பீரோவைத் திறந்து போட்டு, அம்மாச்சியின் சேலைகளை எல்லாம் கட்டில் மேல் பரப்பி ஒரு போட்டோ அனுப்பினாயே, "இதெல்லாம் பாத்திரக்காரருக்குப் போடப் போறேன், ஒரு இட்லிப் பானையாவது தேறும்" என்று. அந்தப் போட்டோவில் இடது ஓரத்தில், தலையணைக்குப் பக்கத்தில், அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை ஒன்று மடிந்து கிடக்கிறது. அதை மட்டும் போடாதே. மற்றதை என்ன வேண்டுமானாலும் செய். நீ இட்லிப் பானை வாங்கு, அண்டா வாங்கு, நான் கேட்க மாட்டேன்.

ஏன் என்று கேட்டால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் கிளாஸ்கோவிலிருந்து இந்த ஊருக்கு வீடு மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. உனக்கு இது ஏதோ பெயர் தெரியாத ஊர். ஆனால் உன் எம்பிராய்டரி டப்பாவில் நங்கூரம் படம் போட்ட ஆங்கர் நூல்கண்டு இருக்குமே, அந்த நூல் மில் இருந்த ஊர் இதுதான். ஆற்றங்கரையில் செங்கல்லில் ஒரு பெரிய கட்டடம், 1886-இல் கட்டியது, இப்போது அதில் குடித்தனங்கள் இருக்கின்றன. இந்த ஊரின் இன்னொரு நூல் கம்பெனிதான் கோட்ஸ். தாத்தா வேலை பார்த்த ஹார்வி மில்லை ஆரம்பித்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், அவர்களுடைய மதுரா மில்ஸ் 1974-இல் இந்தக் கோட்ஸோடு சேர்ந்துதான் மதுரா கோட்ஸ் ஆனது. அம்மாச்சி மில் சங்கு ஊதினால் தாத்தாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கட்டுவாள், இங்கேயும் ஒருத்தி அதே கம்பெனிக்குச் சங்கு கேட்டு ஓடியிருக்கிறாள். அவள்தான் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பத்து நாலு வயசு. பதினைந்து வயசில் மில்லுக்குப் போனவள். 1993-இல் கடைசி மில்லையும் மூடிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் பட்டுச்சேலை பார்டரில் மாங்காய் என்கிறோமே, இங்கிலீஷில் அந்த டிசைனுக்குப் பெய்ஸ்லி என்று இந்த ஊர்ப் பெயர்தான். முதலில் கேட்டபோது எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது, மாங்காய் நம்முடையது, பெயர் மட்டும் இவர்களுடையதா என்று. விஷயம் என்னவென்றால், காஷ்மீர்ச் சால்வைகள் கப்பலில் இங்கே வந்தபோது பணக்காரப் பெண்கள் அதற்கு அலைந்திருக்கிறார்கள், அது யானை விலை, உடனே இந்த ஊர் நெசவாளர்கள் 1800-களின் தொடக்கத்தில் அதைப் பார்த்துத் தறியில் நெய்யத் தொடங்கிவிட்டார்கள். விக்டோரியா ராணியே 1842-இல் வாங்கியிருக்கிறாள். அப்புறம் நெய்ததைவிட மலிவாக அச்சடித்த சால்வை வந்தது, வேலைக்காரப் பெண்ணும் அதைப் போர்த்திக்கொண்டு தெருவில் போனாள், உடனே சீமாட்டிகளுக்கு அது கசந்துவிட்டது. அதே சமயம் பாவாடையைப் பின்பக்கம் கூடை மாதிரி தூக்கிக் கட்டும் பேஷன் வந்து, சால்வை அதன் மேல் ஒழுங்காக உட்காரவும் இல்லை. 1870-களோடு சால்வை காலி.

இது அப்படியே நம் சுங்குடிக் கதைதானே அம்மா? முதலில் சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியது. அப்புறம் மெழுகு அச்சு. அப்புறம் ஸ்கிரீன் பிரிண்ட். மதுரை விளக்குத்தூண் பக்கம் இப்போது சுங்குடி என்று அடுக்கி வைத்திருப்பதில் முடிச்சுப் போட்டது எத்தனை என்று கேட்டுப் பார், கடைக்காரர் சிரிப்பார். உன் போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாச்சி சேலையில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, ஒன்று பயறு மாதிரி, ஒன்று மிளகு மாதிரி, வரிசை கொஞ்சம் கோணலாக ஓடுகிறது. அச்சில் அந்தக் கோணல் வராது. கையில் எடுத்துத் தடவிப் பார், சில இடத்தில் இன்னும் முடிச்சின் சுருக்கம் தட்டுப்படலாம்.

ஜூலை மாதம் முதல் சனிக்கிழமை இங்கே ஒரு திருவிழா நடக்கும், ஸ்மா ஷாட் டே என்று. சால்வையில் வண்ண நூல்களை எல்லாம் பிடித்து வைக்க ஒரு மெல்லிய ஊடைநூல் ஓட்டுவார்களாம், அதுதான் ஸ்மா ஷாட். அது வெளியே தெரியாது. தெரியாத நூலுக்கு எதற்குக் கூலி என்று முதலாளிகள் காசு தர மறுத்திருக்கிறார்கள், அது இல்லாவிட்டால் சால்வை பிரிந்துவிடும் என்று நெசவாளர்கள் சண்டை போட்டு 1856-இல் கூலியை வாங்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் முரசு அடித்துக்கொண்டு ஊர்வலம் போய், முதலாளி பொம்மை ஒன்றைக் கொளுத்துகிறார்கள், நம் சூரசம்ஹாரம் மாதிரி. நான் மழைக்கோட்டோடு நின்று பார்த்தேன். ஜூலையில் மழைக்கோட்டு, அதுதான் இந்த ஊர்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. போன வாரம் போனில் பாப்பாவைப் பார்த்து "ஜாக்கெட் போடாம வெளிய போகாதே" என்று நான் கத்தியதைக் கேட்டு நீ பதறிப் போனாயே! இங்கே ஜாக்கெட் என்றால் கோட்டு அம்மா. ரவிக்கை இல்லை.

சரி, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வருகிறேன். அவளிடம் பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் ஹாரிஸ் ட்வீட் கோட்டு ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் வாங்கியதாம். மேற்கே தீவுகளில் வீட்டில் வைத்துக் கைத்தறியில் நெய்த கம்பளித் துணிக்குத்தான் அந்தப் பெயரை வைக்கலாம் என்று 1993-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் கோட்டைத் திருப்பி உள்பக்கம் காட்டினாள். லைனிங்கை இரண்டு தடவை மாற்றியிருக்கிறாள், முழங்கையில் தோல் ஒட்டு, பக்கத் தையலில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே மடங்கி நிற்கிறது. பிள்ளை பெற்றதும் பிரித்துவிட்டாளாம், அப்புறம் மெலிந்ததும் பிடித்தாளாம். "எங்க அம்மா காலத்தில் துணிக்குக் கூப்பன், யுத்த சமயத்தில் அது தொடங்கியபோது வருஷத்துக்கு 66 கூப்பன், ஒரு கம்பளிக் கோட்டுக்கே 14 போய்விடும்" என்றாள். அம்மாச்சி கண்ட்ரோல் துணி வாங்கிய கதையைச் சொல்வாளே, அதேதான். நான் அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்கு உன் ரவிக்கைகள் கண்ணில் வந்தன. புது மண்டபத்தில் தூணுக்குப் பக்கத்தில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர் பக்கத்துக்கு மூன்று தையல் ஓட்டி வைப்பாரே, வருஷத்துக்கு ஒன்றாக நீ பிரித்துக்கொண்டே போவாய். என் ஸ்கூல் பாவாடையில் கீழே டக்கு வைத்துத் தைக்கச் சொல்வாய். டக்கைப் பிரித்த இடத்தில் மட்டும் நீலம் கருநீலமாக ஒரு கோடு தெரியும், எட்டாவது படிக்கும்போது அந்தக் கோட்டுக்காக நான் அழுதிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி பாப்பாவின் டாப் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். நாலு பவுண்டு. உள்ளே தையலுக்கு அப்பால் அரை விரல்கூடத் துணி இல்லை, விளிம்பிலேயே ஓவர்லாக் அடித்து முடித்துவிட்டார்கள். ஒரு சுற்றுச் சதை போட்டால் அதைப் பிரித்துவிட வழியே கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். லேபிளில் பாலியஸ்டர், எலாஸ்டேன், தயாரிப்பு இந்தியா. திருப்பூராகவும் இருக்கலாம், யார் கண்டது. போன தீபாவளிக்கு ஆன்லைனில் எனக்கு ஒரு குர்தி வாங்கினேனே, மூணாவது துவைப்பில் அக்குள் பக்கம் உருண்டை உருண்டையாகப் பஞ்சு பிடித்து, கரடி முதுகு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அந்தக் காலத் துணிதான் துணி என்று நான் பாட்டுப் பாட வரவில்லை. பருத்திச் சேலைக்குக் கொடி பிடிக்கிற பலர் ஒரு நாள்கூடக் கஞ்சி போட்டிருக்க மாட்டார்கள். அம்மாச்சிக்கு மாற்றிக் கட்ட இரண்டு சேலைதான் இருந்தது, ஒன்று கொடியில், ஒன்று இடுப்பில் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். நைலெக்ஸ் வந்தபோது நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று கதை கதையாகச் சொல்வாயே. அலசி உதறினால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம், கஞ்சி வேண்டாம், நீலம் வேண்டாம். வேர்த்து ஒழுகினாலும் பரவாயில்லை, துவைக்கிற கல்லை விட்டு எழுந்தாயே, அதுதான் பெரிசு. அப்புறம் நைட்டி. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவாய், நான் காலேஜ் படிக்கும்போது அதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். இப்போது இங்கே பெண்கள் பைஜாமாவோடு சூப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறார்கள், துண்டுகூடக் கிடையாது. நானும் ஒரு தடவை போனேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

நானும் சேலை கட்டி வருஷத்துக்கு இரண்டு தடவைதான் ஆகிறது. உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், காலில் பூட்ஸ், மேலே பட்டு, அதற்கு மேல் கோட்டு. பட்டு வெளியே தெரிவதே இல்லை. காற்றில் கொசுவம் அவிழாமல் பஸ் ஸ்டாப் வரை போவதற்கே ஏழு பின் வேண்டும்.

இப்போது சுங்குடி விஷயம். உன் போட்டோவை முதலில் பார்த்தது பாப்பாதான். அவளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் இப்போது பழைய துணி என்றால் பைத்தியம், சாரிட்டி கடையில் போய்த் தோண்டி எடுத்து வருகிறாள். "அம்மா, அந்தச் சிவப்புப் புள்ளிச் சேலை எனக்கு வேண்டும், ஷர்ட் தைத்துக்கொள்ளவா?" என்றாள். சேலையை வெட்டுவதா என்று எனக்கு ஒரு நிமிஷம் வயிறு கலங்கியது. அவளைத் திட்டவும் செய்தேன். அப்புறம் ராத்திரி படுத்தபோதுதான் யோசித்தேன், எனக்கு அஞ்சு வயசில் தைத்த பட்டுப்பாவாடை உன் கல்யாணச் சேலையை வெட்டியதுதானே? பார்டரைக் கீழே வைத்து, முந்தியில் சட்டை தைத்து. நீ யோசிக்கவே இல்லையாம், அப்பாதான் முணுமுணுத்தாராம். அது கிழிந்ததும் சித்தி மகளுக்குத் தலையணை உறை ஆனது.

ஆனாலும் இது அம்மாச்சி சேலை, உன் அம்மாவுடையது. நீ வேண்டாம் என்றால் அப்படியே மடித்து வை, நான் பாப்பாவிடம் சொல்லிக்கொள்கிறேன். ஒரே மடிப்பில் வைக்காதே, மடிப்பில் இற்றுவிடும், மாற்றி மடி. சரி என்றால் டிசம்பரில் தம்பி வரும்போது கொடுத்து அனுப்பு. முந்தியை மட்டும் வெட்டாமல் நீ வைத்துக்கொள்.

இங்கே தைக்கக் கொடுத்தால் கூலி சேலை விலையைத் தாண்டிவிடும். அதனால் நம் டெய்லர் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில்தானே இருக்கிறார், அவரிடமே கொடு. பாப்பாவின் அளவு சட்டையைத் தனியாக ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் இன்னும் வளர்கிறாள் அம்மா, போன மாதம் என் தோளைத் தாண்டிவிட்டாள். பக்கத்துக்கு இரண்டு விரல் உள்ளே விட்டு, மூன்று தையல் ஓட்டச் சொல்.

அன்புடன்,
உன் மகள்