செந்தூல் வெயிலுக்கு ஒரு டியூப்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
மார்ச் 9

அன்புள்ள தேவி,

செந்தூலிலிருந்து உன் கடிதம் கிடைத்தது. பள்ளித் திடல் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்களா? ஓட்டப் பயிற்சி, கோல் ஊன்றுவது, கோடு போடுவது எல்லாம் இனி உன் பாடு. மகள் படிவம் மூன்றுக்கு வந்துவிட்டாள் என்று படித்தபோது ஒரு நிமிடம் நம்பவில்லை. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏற முடியாமல் கீழேயே நின்று கும்பிட்டார். மழை என்ற பேச்சே இல்லை. துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது.

முகத்துக்குப் பூசும் சன்ஸ்கிரீன் 40 வெள்ளிக்குள் எது நல்லது, 100 வெள்ளிக்கு விற்பது இரண்டரை மடங்கு காக்குமா என்று கேட்டிருந்தாய். காக்காது. ஆனால் இந்த ஒரு வார்த்தையோடு விட்டால் நீ போய்க் கைக்கு எட்டியதை எடுத்து வருவாய். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டியூப்பின் விலையைப் பார்க்காதே, ஒரு மில்லிலிட்டர் என்ன விலை என்று பார். பெட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண்ணை, அதாவது வெயில் காப்பு எண்ணை, சோதிக்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்கள். முகத்தையும் கழுத்தையும் அந்தக் கனத்தில் மூட ஏறக்குறைய கால் டீஸ்பூன், அதாவது 1.25 மில்லி வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்கினால் அந்த அளவு வரும். நம்மில் பலர் பூசுவது பட்டாணி அளவு. பாதி பூசினால் பாதுகாப்பும் பாதிக்கு வந்துவிடும், சில சமயம் அதற்கும் கீழே.

இப்போது கணக்குப் போடு. 50 மில்லி 35 வெள்ளி என்றால் மில்லிக்கு 70 காசு. ஒரு தடவை பூச 90 காசுகூட ஆகாது, நாளுக்கு ஒரு தடவை என்றால் 40 நாள் வரும். 30 மில்லி 96 வெள்ளி என்றால் மில்லிக்கு 3 வெள்ளி 20 காசு; ஒரு தடவைக்கு 4 வெள்ளி, 24 நாளில் காலி. அந்த விலைக்கு வாங்கினால் கை தானாகச் சுருங்கும். சின்னச் சின்னப் பொட்டாக வைத்துத் தேய்ப்பாய். எஸ்பிஎஃப் 50 என்று எழுதிய டியூப் உன் முகத்தில் 15 ஆகிவிடும். மலிவானதைத் தாராளமாகப் பூசுகிறவள்தான் இதில் கெட்டிக்காரி. கூடுதல் விலை பெரும்பாலும் வாசனை, வழவழப்பு, புட்டியின் அழகு ஆகியவற்றுக்குத்தான் போகிறது. வழவழப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பிசுபிசுக்கும் ஒன்றை நீ தினமும் பூச மாட்டாய். ஆனால் 40 வெள்ளிக்குள்ளேயே நன்றாகப் படியும் ஜெல் வகைகள் இருக்கின்றன. வாட்சன்ஸ், கார்டியன் கடை அலமாரியில் பியோரே, ஸ்கின் அக்குவா, சன்பிளே போன்ற ஜப்பானியக் கம்பெனிச் சரக்குகளை முதலில் பார். சலுகை வாரத்தில் இரண்டாக வாங்கு.

எஸ்பிஎஃப் என்பது தோல் சிவந்து எரிவதை எவ்வளவு தள்ளிப்போடும் என்ற கணக்கு. வெயிலில் வரும் புறஊதாக் கதிரில் யுவிஏ, யுவிபி என்று இரண்டு வகை; இது பெரும்பாலும் யுவிபி-யைப் பற்றியது. 15 என்றால் சுமார் 93 விழுக்காட்டைத் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. ஒரு விழுக்காட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள். உள்ளே நுழைவதைப் பார்: 30-இல் நூற்றுக்கு மூன்றுக்கு மேல், 50-இல் இரண்டு. அதைவிட, நாம் எப்படியும் குறைவாகத்தான் பூசுவோம். அந்தக் குறையை ஈடுகட்ட 50 வாங்குவது நல்லது.

ஆனால் உன் விஷயத்தில் எஸ்பிஎஃப் இரண்டாம் பட்சம். உனக்கு இருப்பது மங்கு, கன்னத்தில் படியும் கறுப்புத் திட்டு. தோலைக் கறுக்கவைப்பதில் யுவிஏ-வுக்குப் பெரிய பங்கு உண்டு. அது மேகத்தைத் தாண்டும், கண்ணாடியையும் தாண்டும். அதற்கு ஜப்பானியர் வைத்த அளவுதான் பிஏ. கூட்டல் குறி மூன்று என்றால் யுவிஏ பாதுகாப்பு எண் 8 முதல் 16 வரை, நான்கு என்றால் 16-க்கு மேல். நீ நான்கு கூட்டல் உள்ளதை மட்டும் எடு. ஐரோப்பியச் சரக்கில் பிஏ இருக்காது; யுவிஏ என்ற எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். யுவிஏ பாதுகாப்பு எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது உண்டு என்று அதற்குப் பொருள். இரண்டுமே இல்லாத டியூப்பைத் திருப்பி வைத்துவிடு.

வலது கன்னத்தில்தான் அதிகம் என்று எழுதியிருந்தாயே, நீ காடி ஓட்டும் பக்கம் அது. முன் கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. யுவிஏ-வைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடி ஒற்றைத் தகடு, நிறையவே விடும். வீட்டிலிருந்து பள்ளிக்குக் காடியில்தானே போகிறோம் என்று பூசாமல் கிளம்பாதே.

மங்குக்கு இன்னொரு எதிரி உண்டு: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அதுவும் கறுப்பை ஏற்றும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய வகைதான் தடுக்கும். பெட்டியின் பின்னால் சிஐ 77491, 77492, 77499 என்ற எண்கள் இருந்தால் அது இரும்பு ஆக்சைடு. 77891 என்று மட்டும் இருந்தால் டைட்டானியம் டையாக்சைடு. வெள்ளை அடிப்பதுபோல் தெரியும். தொந்தரவு என்னவென்றால் நிறமேற்றியவை பலவும் வெளிறிய நிறத்தில்தான் வருகின்றன. நம் முகத்தில் போட்டால் சாம்பல் பூத்தமாதிரி இருக்கும். காசு குறைந்த வழி: நிறமில்லாத மலிவு ஜெல்லை முழு அளவு பூசி, காய்ந்ததும் உன் நிறத்துக்குப் பொருந்தும் காம்பேக்ட் பவுடரையோ ஃபவுண்டேஷனையோ மேலே போடு. அவற்றின் நிறமே இரும்பு ஆக்சைடிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஃபவுண்டேஷனில் எஸ்பிஎஃப் 15 இருக்கிறது என்று அடியில் பூசும் 30-ஐயும் கூட்டி 45 என்று கணக்குப் போடாதே, இரண்டும் அப்படிச் சேர்ந்து ஏறாது.

கறுப்பா இருக்கிறவளுக்கு இது எதுக்கு என்று உன் மாமியார் கேட்கிறாராம். பாதி நியாயம் இருக்கிறது. மிகக் கறுத்த தோலுக்கு இயற்கையாகவே ஏறக்குறைய எஸ்பிஎஃப் 13 உண்டு. எரிச்சல், புற்றுநோய் பயம் வெள்ளைக்காரரைவிட நமக்குக் குறைவு. ஆனால் மங்கு, பரு போன இடத்தில் நிற்கும் கரும்புள்ளி இரண்டும் நம் நிறத்துக்குத்தான் அதிகம் வரும், வந்தால் எளிதில் போகாது. அவரிடம் இதைச் சொல்.

பின்பக்க எழுத்தில் இன்னும் ஒன்றிரண்டு. சிங்க் ஆக்சைடு கண்ணை எரிக்காது, மென்மையான தோலுக்கு ஏற்றது. ஆனால் வெள்ளையாகத் தெரியும். கடையின் டியூப்லைட்டில் அது தெரியாது. டெஸ்டரைத் தாடையோரம் பூசிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கைபேசியில் பார். பிஸ்-எத்தில்ஹெக்ஸைலாக்ஸிஃபீனால் என்று தொடங்கி ஒரு வரி முழுக்க ஓடும் பெயர் இருந்தால் மகிழ்ச்சி. யுவிஏ, யுவிபி இரண்டையும் பிடிக்கும், வெயிலில் சீக்கிரம் கெடாது. அவோபென்சோன் மட்டும், அதைச் சிதையாமல் காக்கும் வேறு பொருளின் துணையில்லாமல் இருந்தால் வெயில்பட்டு அதுவே சிதையும். பெயர்களை மனப்பாடம் செய்யாதே, நானே பார்த்துத்தான் சொல்வேன். பள்ளி விடுமுறைக்குத் தாய்லாந்துத் தீவுப் பக்கம் போவதாக இருந்தால் மட்டும், ஆக்ஸிபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் இல்லாததாகப் பார்த்து எடு. பவளப்பாறைக்காக 2021 முதல் அங்குள்ள கடல் தேசியப் பூங்காக்களில் அவற்றுக்குத் தடை.

இனி உன் திடலுக்கு வருவோம். பன்னிரண்டு மணிதான் உச்சி வெயில் என்று நினைத்து நேரம் போட்டிருக்கிறாய். நம் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் இந்த மாதம் உங்கள் கோலாலம்பூரில் உச்சி ஒன்றேகால் தாண்டித்தான். எங்களுக்கு அதற்கும் ஐந்தாறு நிமிடம் பிந்தி. மாதக் கடைசியில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும். உச்சிக்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரம், அதாவது பத்தேகாலிலிருந்து நாலேகால் வரை, உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருக்கும். நிழல் குட்டை என்றால் வெயில் கடுமை. காலைச் சபைக்கு நிற்பதில் பயமில்லை, ஒன்பதுவரை கதிர் பலவீனம். நாலு மணிக்குத் தொடங்கும் பயிற்சிதான் வம்பு. ஐந்துக்குத் தள்ள முடிந்தால் எந்த டியூப்பையும்விட அது மேல். முடியாவிட்டால் மூன்று விரல் அகல விளிம்பாவது உள்ள தொப்பி போடு. பேஸ்பால் தொப்பி கன்னத்தைக் காக்காது.

பூசும் முறை. முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டால் ஐந்து நிமிடம் ஊறவிடு. அவசரப்பட்டு மேலே பூசித் தேய்த்தால் அழுக்குத் திரள்வதுபோல் உருண்டு உருண்டு வரும். நம் முகத்துக்கு ஜெல்லே போதும், இந்த ஊர்ப் புழுக்கத்தில் மாய்ஸ்சரைசர் தேவைப்படாமலும் போகலாம். இரண்டு விரல் அளவையும் ஒரேயடியாக அப்பாதே. ஒரு விரல் அளவு பூசி, ஒரு நிமிடம் விட்டு, அடுத்ததைப் பூசு. காது, காதின் பின்புறம், கழுத்துப் பக்கவாட்டு, நெற்றி முடியோரம் ஆகியவை எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். பதினைந்து நிமிடம் கழித்து வெளியே போ. திருநீறு, பொட்டு எல்லாம் அது காய்ந்த பிறகு. ஈரத்தில் இட்டால் இரண்டும் குழையும்.

வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசு. வேர்த்துத் துடைத்தால் உடனே. நாலு மணிப் பயிற்சிக்குக் காலையில் பூசியது கணக்கில் இல்லை. மூன்றே முக்காலுக்கு வேர்வையைத் திசுத்தாளால் ஒற்றி எடு, தேய்க்காதே, பிறகு முழு அளவு பூசு. திடல் நாட்களில் இரண்டு தடவை ஆகிறதால் டியூப் 40 நாள் வராது. வாரம் மூன்று நாள் பயிற்சி என்றால் 28 நாள் என்று வை. வேர்வையோடு கண்ணுக்குள் இறங்கி எரிந்தால், புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் மட்டும் சிங்க் ஆக்சைடு ஸ்டிக் போடு, ஒரே இடத்தில் நாலு தடவை இழுத்து. முகத்துக்கு ஸ்பிரே வேண்டாம். பாதி காற்றோடு போகும், மீதி மூக்குக்குள் போகும்.

மகளுக்குப் பரு என்றால் அதே ஜெல்லே அவளுக்கும் போதும், தனியாக வாங்காதே. இரவில் நன்றாகக் கழுவச் சொல். தண்ணீருக்குத் தாங்கும் வகையென்றால் வெறும் ஃபேஸ்வாஷில் போகாது. மேக்கப் துடைக்கும் மைசெல்லர் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட்டுக் கழுவ வேண்டும். சன்ஸ்கிரீனால் பரு வந்துவிட்டது என்று சொல்கிறவர்களில் சிலர் அதை இரவில் சரியாகக் கழுவாதவர்களாக இருக்கலாம்.

வாங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் என், ஓ, டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கி, கே என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கிறதா பார். அது மருந்தையும் அழகுப் பொருளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ-யில் பதிந்த எண். அவர்கள் இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயரும் கம்பெனியும் வரும். அந்த எண் இருந்தால் நன்றாக வேலை செய்யும் என்று பொருளில்லை. யார் பொறுப்பு என்பதாவது தெரியும். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அடுக்கி வைத்து விற்பதைத் தொடாதே. ‘வெள்ளையாக்கும்’ கிரீம் பக்கமும் போகாதே. பாதரசம், ஹைட்ரோகுவினோன் கலந்ததாகச் சுகாதார அமைச்சு அவ்வப்போது பெயர் வெளியிடுவது அந்த வகையைத்தான். முதல் மாதம் மங்கு மறைந்ததுபோல் இருக்கும், பிறகு முன்னைவிடக் கறுத்து நிற்கும். சன்ஸ்கிரீன் மங்கு கூடாமல் காக்கும், இருப்பதை அழிக்காது. அதற்குத் தோல் மருத்துவரைப் பார். கருத்தடை மாத்திரை எடுக்கிறாயானால் அவரிடம் மறக்காமல் சொல், அதுவும் மங்கைக் கிளப்பும்.

டியூப்பைக் காடியில் விட்டுவைக்காதே. வெயிலில் நிற்கும் காடிக்குள் இருக்கும் சூட்டில் நீர் தனியாக, கொழுப்புத் தனியாகப் பிரியும். பிதுக்கும்போது முதலில் தண்ணீர் வந்தாலோ மணல்மாதிரி நெருடினாலோ தூக்கிப் போடு. திறந்த டப்பிப் படத்துக்குள் 12 என்று போட்டிருப்பது திறந்த பின் எத்தனை மாதம் என்ற கணக்கு. நீ சரியான அளவு பூசினால் அந்தப் பன்னிரண்டு மாதம் உனக்குத் தேவையே படாது.

சனிக்கிழமை கடைக்குப் போனால் இரண்டு மூன்று பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம், எழுத்து மங்கலில்லாமல். மில்லி அளவும் விலைச்சீட்டும் படத்தில் விழட்டும்.

அன்புடன்,
வசந்தி