ஸ்போர்ட்ஸ் காருக்குக் காந்த டிரெயின் போல்ட்: முதலில் மரையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் வேகக் கார் வைத்திருப்போர் பலர் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆயிலில் கலந்த இரும்புத் தூளைப் பிடிப்பதற்காக நுனியில் காந்தம் பதித்த போல்ட்டைப் போடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் 'எந்தக் காருக்கும் சேரும்' என்று சொல்லி விற்கப்படும் போல்ட்டை நம்பி வாங்கினால் எஞ்சினுக்கே ஆபத்து. அப்படி எல்லாக் காருக்கும் சேரும் டிரெயின் போல்ட் கிடையாது.

முதலில் மரை. டொயோட்டா எஞ்சின்கள் பலவற்றில் எம்12 (அதாவது 12 மி.மீ. விட்டம்), பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.25 மி.மீ. பிஎம்டபிள்யூ பலவற்றிலும் எம்12தான், ஆனால் பிட்ச் 1.5. ஹோண்டா, ஹூண்டாய், ஃபோக்ஸ்வேகன் கார்கள் பலவற்றில் எம்14, பிட்ச் 1.5. பிட்ச் மாறிய போல்ட் ஒன்றிரண்டு சுற்று கையால் போய்விடும், பிறகு இறுகும். அழுக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்து ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினிய சம்பின் மரை உரிந்து வரும். மரை போன சம்பில் போல்ட் ஓட்டத்தில் கழன்று ஆயில் முழுதும் கொட்டினால், சில நிமிடங்களில் பேரிங் பிடித்துக்கொள்ளும். ஆகவே சர்வீஸ் மேனுவலில் அளவைப் பார்த்து, மரையை அளக்கும் மரை கேஜ் வைத்துச் சரிபார்த்தே வாங்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் புதிய 2.0 டிஎஸ்ஐ பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் சம்பும் பிளாஸ்டிக், கால் சுற்றில் கழலும் பிளக்கும் பிளாஸ்டிக். அதில் சாதாரண மரை போல்ட் போடவே முடியாது.

அடுத்து காந்தம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். எஞ்சின் ஆயிலோ சாதாரண ஓட்டத்திலேயே 90 முதல் 110 டிகிரி வரை போகும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் விரட்டி ஏறினால் 120-ஐயும் தாண்டலாம். அந்தச் சூட்டில் இழந்த காந்த சக்தியில் ஒரு பகுதி ஆயில் ஆறிய பிறகும் திரும்பி வராது. 150 டிகிரி தாங்கும் எஸ்எச் ரக நியோடிமியம் அல்லது அதைவிடச் சூடு தாங்கும் சமேரியம் கோபால்ட் காந்தம் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். போல்ட் எத்தனை வாஷரைத் தூக்குகிறது என்று எண்ணிக்கொண்டு, கொதிநீரில் அரை மணி நேரம் போட்டு, ஆறவிட்டு மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தால் அந்தப் போல்ட் வேண்டாம்.

காந்தம் எப்படிப் பிடித்து நிற்கிறது என்பது இன்னும் முக்கியம். லேத் பட்டறையில் பழைய போல்ட்டைத் துளைத்து, அரால்டைட் வைத்து ஒட்டித் தருகிறார்கள். சூடும் ஆயிலும் சேர்ந்து பசையை விடுவித்தால் காந்தம் சம்புக்குள் விழும். துளைத்த போல்ட்டும் பலவீனமாகிவிடும். காந்தத்தைக் குழிக்குள் இறக்கி, விளிம்பை மடித்துப் பூட்டிய போல்ட்டே பாதுகாப்பானது.

நீளத்தையும் கவனியுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் சம்புக்குள் ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் தகடுகள் இருக்கும். நீண்ட காந்தம் அதில் முட்டினால் போல்ட் முழுதாக உட்காராது. கம்பெனி போல்ட்டைவிட அதிகம் நீளாத காந்தமே நல்லது. வெளிப்பக்கமும் தலை தடிமனாக இருக்கக் கூடாது. அழகர்கோவில் சாலையின் வேகத்தடைகளில் தாழ்ந்த கார் ஏறி இறங்கும்போது முதலில் அடிபடுவது அந்தத் தலைதான்.

மாட்டும்போது ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட வேண்டும். மூன்று நான்கு சுற்று கையாலேயே திருகி, பிறகு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். எம்12 போல்ட் உள்ள பிஎம்டபிள்யூ பலவற்றுக்கு 25 நியூட்டன் மீட்டர், எம்14 உள்ள ஃபோக்ஸ்வேகன் பலவற்றுக்கு 30. டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. பிய்ந்த இழை ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும்.

ஆயில் மாற்றும்போது மெக்கானிக் போல்ட்டைத் துடைத்துவிடுவதற்கு முன் அதைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல நைசாகப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். புது எஞ்சினின் முதல் ஆயில் மாற்றத்தில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். விரலிடுக்கில் தேய்த்தால் குத்துகிற ஊசிப் பிசிறோ, நகத்துண்டு போன்ற செதிலோ வந்தால் வண்டியை ஓட்டாமல் காரணத்தைத் தேட வேண்டும்: டைமிங் செயின், கேம் ஷாஃப்ட், ஆயில் பம்ப் என்று வரிசையாக. பிஸ்டனின் அலுமினியமும் பேரிங்கின் செம்பும் ஈயமும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே போல்ட் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடையக் கூடாது. வடிந்த ஆயிலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, பழைய ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளையும் பாருங்கள். காந்தம் போட்டிருப்பதால் ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப் போடவும் முடியாது.

உண்மையில் இந்தப் போல்ட்டின் பயன் கியர்பாக்ஸிலும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலிலும்தான் அதிகம். பெரும்பாலான மேனுவல் கியர்பாக்ஸ்களில் ஃபில்டரே இல்லை. பற்களிலிருந்து உதிரும் இரும்புத் தூள் ஆயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பெனியே அங்கே காந்த போல்ட் கொடுத்திருந்தால் மாற்றத் தேவையில்லை, துடைத்துத் திரும்பப் போட்டால் போதும்.

உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மரை அளவு, பிட்ச், காந்தத்தின் வெப்ப வரம்பு ஆகிய மூன்றும் அட்டையில் அச்சிடப்படாத போல்ட்டை தயவுசெய்து விற்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், கே.கே.நகர், மதுரை